நூற்றாறு

மறுபடியும் டிஸ்க் விழுந்தது, இந்த முறை மூன்றாம் எண். சனிக்கிழமை, காலை பத்து பத்து. டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த காப்பி முப்பத்தொரு சதவீதத்தில் நின்றுவிட்டது.

விழுந்தது என்றால் தரையில் விழவில்லை. பெட்டிக்குள் திருகு போட்டு இறுக்கிய இடத்தில்தான் இருந்தது. சுற்றிக்கொண்டும் இருந்தது. கம்ப்யூட்டரின் கண்ணில் மட்டும் படவில்லை. நான்கு டிஸ்க்குகள் சேர்ந்த கூட்டுக் குடும்பம் அது. ரெய்ட் என்பார்கள். ஒருவர் காணாமல் போனால் மற்ற மூவரும் சேர்ந்து அவர் வைத்திருந்ததைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுதி அவரைத் திரும்பக் குடும்பத்தில் சேர்ப்பதற்கு ரீபில்ட் என்று பெயர். பதினான்கு மணி நேரம் ஆகும். இந்தப் பதினொரு மாதத்தில் மூன்று முறை செய்தாயிற்று. முதலில் ஒன்றாம் எண் போயிற்று, பிறகு நான்கு, பிறகு இரண்டு. ஒன்றே கெட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். இது வீட்டில் ஆளாளுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல் வருகிற கதை.

அவன் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ரீபில்ட் செய்யாமல் உள்ளே விடமாட்டேன் என்றது.

அவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கேபிள்களைப் பிடுங்கிச் செருகினான். ஒன்றை இழுத்துப் பார்த்தான். அந்தக் கேபிளை அவனே நான்கு மாதத்துக்கு முன்னால் புதிதாக வாங்கிப் போட்டிருந்தான். அதற்கு முன்னால் போட்டிருந்ததும் புதியதுதான்.

அந்த நான்கு டிஸ்க்குகளில் அவன் மனைவி செய்த படம் இருந்தது. மொத்தம் ஏழு நிமிடம். அவள் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். விளம்பரங்களில் பேசுகிற பற்பசை, ஆடுகிற பிஸ்கெட், கண்ணடிக்கிற சோப்பு எல்லாம் அவள் கைவேலை. "டிகிரி முடிச்சு சோப்புக்கு இமை வரையறேன்" என்பாள். இந்தப் படம் மட்டும் அவளுடையது. பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்று, நாள் முழுக்க அதே பேருந்தில் போய்வந்து தன் ஆளைத் தேடுகிறது. முதல் மூன்று நிமிடம் வெயில். அதற்கப்புறம் நான்கு நிமிடம் மழை.

வெயில் வரைக்கும் காப்பி ஆகியிருந்தது. மழை தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டது.

வேறு பிரதி கிடையாது. பிரதி எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. முதலில் பெட்டியைச் சரி செய்வோம், பிறகு எடுப்போம் என்று இருந்தான். பதினொரு மாதமும் அப்படியே இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைத் திரையிடுவதாக ஏற்பாடு.

*

பெட்டிக்கு மாமனார் என்று பெயர் வைத்தது அவள்தான். அவனுடைய அப்பா கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். "மாமனார் இல்லாத வீட்டுக்கு வந்துட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. பொய். இதோ மூலையில உட்கார்ந்திருக்காரு. நாள் முழுக்க முனகுறாரு, சூடாகுறாரு, கரண்ட் பில்லு எகிறுது" என்பாள். மின்விசிறி இரைந்தால் மாமனாருக்கு மூச்சு வாங்குகிறது. பெட்டி உறைந்து நின்றால் மாமனார் கோபித்துக்கொண்டார்.

மழை போட வேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். மழைக் காட்சியில் ஒவ்வொரு துளியையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு ஃப்ரேம் வரைய பதினோரு நிமிடம். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃப்ரேம்.

"வெயிலோடயே முடிச்சிடலாம்ல? வெயிலுக்கும்தான் குடை பிடிக்கிறாங்க."

"அது கோழைங்க பிடிக்கிறது" என்றாள்.

அப்போது டாக்டர் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்கில் பேச ஆரம்பித்திருந்தார். ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ஃப்ரேம். பதினோரு நிமிடம் வீதம் நாற்பத்து நான்கு நாள். அவள் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, அவனிடம் நீட்டினாள்.

ப்ராசசரை அதன் அளவுக்கு மேல் விரட்டினான். பெட்டிக்குப் பெரிய விசிறி வைத்தான். பதினொன்று ஒன்பதரை ஆயிற்று. முப்பத்தெட்டு நாள்.

"இன்னும் ரெண்டு நாள் குறையுமா?" என்றாள்.

குறைக்கலாம். ஆனால் அதற்கு ப்ராசசரை மட்டும் தொட்டால் போதாது. பெட்டிக்குள் எல்லாருக்கும் தாளம் போடுகிற கடிகாரம் ஒன்று உண்டு. அதன் அளவு நூறு. அதைக் கூட்டினால் ப்ராசசரோடு சேர்ந்து மெமரி, டிஸ்க் எல்லாம் ஓட வேண்டும். அவன் அந்த செட்டிங்கைத் திறந்து நூற்று மூன்றில் நிறுத்தினான். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எட்டிக் கூட்டல் பொத்தானை ஒரு தட்டு தட்டினாள். நூற்று நான்கு.

"போதும்டி."

இன்னொரு தட்டு.

"டிஸ்க்குக்கு ஒத்துக்காது. விளையாடாத."

இன்னொன்று. நூற்றாறு. "மாமனார்கிட்ட கேட்டுட்டேன்டா. சரின்னுட்டாரு" என்றாள். ஒரு ஃப்ரேம் ஒன்பது நிமிடம். முப்பத்தாறு நாள். காகிதத்தில் பழைய கணக்கை அடித்துப் புதியதை எழுதினாள். அன்று அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் பெட்டி கத்தியது. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருக்கும். டிஸ்க் விழுந்தால் அது விடாமல் பீப் அடிக்கும்.

"மாமனார் கத்துறாரு. என்ன வேணுமாம்?" அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். மருந்துக்குப் பிறகு கிடைத்த ஒரு மணி நேரத் தூக்கம்.

"ஒண்ணும் வேணாமாம். தூங்கு."

அவன் அந்த ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டான். டிஸ்க் தானாக வந்து சேர்ந்துகொண்டது. ஃப்ரேம் வரைகிற ரெண்டர் வேலையை விட்ட இடத்திலிருந்து ஓட்டினான்.

தினமும் காலையில் அவள் முந்தின நாள் வந்த ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். முப்பத்தொன்றாம் நாள் காலை பார்க்கவில்லை. ரெண்டர் இடையிடையே நின்று நின்று முப்பத்தொன்பதாம் நாள் முடிந்தது. அப்போது அந்த அறையில் யாரும் இல்லை.

*

மதியம் அவளுடைய அக்கா வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். சனிக்கிழமை அரை நாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். புதன்கிழமை கொடுத்த டப்பா தொடாமல் இருந்தது.

"இதுக்கு என்ன நேர்த்திக்கடனா? பார்த்துக்கிட்டே இருக்கறதுக்கு?"

"பசிக்கல அக்கா."

"நானும் நாள் பூரா வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு கத்தறேன். ஊர்ல இருக்கறவன் எல்லாம் திறக்கறான். உங்க வாயைத்தான் திறக்க வைக்க முடியல." டப்பாவைத் திறந்து அவன் முன்னால் நகர்த்தினாள். பிறகு தரையில் கிடந்த திருகுகளைப் பார்த்தாள். "என்ன தம்பி, மறுபடியும் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"ஒரு டிஸ்க் கொஞ்சம் முரண்டு பண்ணுது."

"ஞாயித்துக்கிழமை. ஹால் சொல்லியாச்சு. நாப்பது பேர் வர்றாங்க. அவ ஸ்டுடியோவுல எல்லாரும் வர்றாங்க. படம் வந்துடும்ல?"

"வந்துடும்."

"வந்துடும்னா? பஸ்ஸா? எப்ப வரும்?"

அவன் ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தான். மென்றான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சால்வை போட்டவள் உட்கார்ந்த அதே நாற்காலி. "நான் அந்த மழையைப் பார்க்கவே இல்ல. காட்டுடின்னா, பெரிய திரையில பாரு, அதுவரைக்கும் மூச்சு விட மாட்டேன்னுட்டா. ஆஸ்பத்திரியில கூட கேட்டேன். சிரிச்சா. கடைசியில குடைக்கு அதோட ஆள் கிடைச்சிடறாங்களா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"தெரியாது அக்கா."

"தெரியாதா?"

"கடைசிப் பகுதியை நான் இன்னும் திறக்கல. பெட்டி சரியான பிறகு பார்க்கலாம்னு."

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பல்லைப் பார்க்கிற பார்வை. பிறகு எழுந்து பழைய டப்பாவைக் கழுவப் போனாள்.

*

டிஸ்க்குகளைச் சரி பார்க்கிறவரின் கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவரைத் தூசி அண்ணன் என்பார்கள். எதைக் கொண்டுபோனாலும் முதலில் ஊதுகுழல் இயந்திரத்தை எடுத்து ஊதுவார். "பாதி வியாதி தூசிதான் சார். மீதி வியாதி ஓனர்" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. சனிக்கிழமை மாலை கொடுத்த நான்கு டிஸ்க்குகளையும் செவ்வாய்க்கிழமை திரும்ப எடுத்து வைத்தார்.

"நாலும் கிண்ணுனு இருக்கு சார். ஒரு கீறல் இல்ல. எங்க மெஷின்ல போட்டு ரெண்டு நாள் ஓட்டினேன். ஒண்ணு கூட விழல."

"என்கிட்ட விழுது."

"அப்போ உங்க வீட்லதான் கோளாறு. பெட்டியைத் தூக்கிட்டு வாங்களேன்."

"அது வேணாம் அண்ணே. பெருசு."

உண்மையில் பெரியதில்லை. கொண்டுவந்து வைத்தால் அவர் திரையைப் போடுவார். திரையில் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருக்கும்.

அவர் மேசை விளிம்பில் விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். "கேபிள் மாத்திட்டீங்க?"

"ரெண்டு தடவை."

"மெமரி டெஸ்ட்?"

"எட்டு மணி நேரம் ஓடுச்சு. ஒரு தப்பு இல்ல."

"சூடு?"

"அறுபதைத் தாண்டல."

"ஸ்பீடு கீடு ஏத்தியிருக்கீங்களா? ஓவர்கிளாக்?"

அவனுக்கு எல்லாம் தெரியும். கல்லூரியில் நான்கு வருடம் இதைத்தான் படித்தான். முதல் மாதமே அந்தச் சந்தேகம் வந்தது. மெமரி டெஸ்ட் சரியாக வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டான். எட்டு மணி நேரம் பிழையில்லாமல் ஓடுகிற பெட்டியில் வேகத்தைக் குறை சொல்ல முடியாது என்று தனக்குத் தானே சொன்னான். நூறுக்கு இறக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பக்கத்தைத் திறப்பான், நூற்றாறைப் பார்ப்பான், மூடிவிடுவான். அது அவள் தட்டி வைத்தது. அவளுடைய துணிகளைக்கூட அக்கா எடுத்துப் போய்விட்டாள். யாரும் தொடாமல் அவள் வைத்தபடி இருந்தது வீட்டில் அந்த எண் ஒன்றுதான்.

"இல்ல" என்றான்.

"சத்தியமா?"

"ஏத்தல அண்ணே."

"ஏத்தலைன்னா அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். பவர் சப்ளை. வோல்டேஜ் தள்ளாடும், டிஸ்க் மயங்கி விழும்." பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, ஊதி, நீட்டினார். "இதை மாட்டுங்க. மாட்டிட்டு தைரியமா ரீபில்ட் போடுங்க."

*

புதன்கிழமை வேலைக்கு விடுப்புச் சொன்னான். காலை ஆறு மணிக்குப் புது பவர் சப்ளையை மாட்டினான். ரீபில்ட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்றான்.

பகல் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தான். ஒரு சதவீதம் நகர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை விசிறி இரைந்தது. அவன் எழுந்து நின்றான். அது அடங்கியதும் உட்கார்ந்தான். ஒன்றும் விழவில்லை. பவர் சப்ளைதான், பவர் சப்ளையேதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மதியம் அக்கா போன் செய்தபோது, "ஓடிக்கிட்டிருக்கு அக்கா, நல்லா ஓடுது" என்றான். பல மாதங்களில் யாரும் கேட்காமல் அவனாகப் பேசியது அன்றுதான். சாப்பிட்டானா என்று அவள் கேட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்த டப்பாவைச் சூடாக்கி முழுக்கச் சாப்பிட்டான்.

இரவு எட்டு மணிக்கு முடிந்தது. நான்கு டிஸ்க்குக்கும் பச்சை. 'நிலை: நலம்.'

மழைக் கோப்புறையைத் திறந்தான். முதல் ஃப்ரேம்: நடைபாதையில் குடை கிடக்கிறது, பக்கத்தில் சிமென்ட்டில் முதல் துளி விழுந்த கறை. இரண்டாவது. மூன்றாவது. பதினேழாவது ஃப்ரேமில் படத்தின் கீழ்ப்பாதி இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். பதினெட்டிலும் சாம்பல். பத்தொன்பது நன்றாக இருந்தது. அப்புறம் நாற்பது ஃப்ரேம் வரிசையாகச் சாம்பல்.

வேகமாகத் தட்டிக்கொண்டே போனான். மழை வந்தது, போனது, வந்தது. பேருந்தின் பாதி. ஒரு கை, மணிக்கட்டோடு. விளக்குக் கம்பம், அதன் தலை இல்லாமல். கடைசி ஃப்ரேமுக்குப் போனான். மொத்தப் படத்தில் பத்தாயிரத்து எண்பதாவது. மேலே மூன்றில் ஒரு பங்கு இருந்தது. கருத்த வானம், குடையின் கூர்முனை, விரிந்த துணியின் ஈர விளிம்பு. குடை திறந்திருந்தது. அதற்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பது சாம்பல்.

எழுந்து தண்ணீர் குடித்தான். குவளையைக் கழுவி வைத்தான். திரும்ப வந்து உட்கார்ந்தான். அப்போதும் சாம்பல்தான்.

*

"அண்ணே, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்க."

"நான் நூறு கேள்வி கேப்பேன் சார். எது?"

"ஸ்பீடு ஏத்தியிருக்கான்னு."

தூசி அண்ணன் யாருடைய கீபோர்டையோ ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தினார். "எவ்வளவு?"

"பேஸ் கிளாக். நூத்தி ஆறு."

அவர் இயந்திரத்தைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவனை உட்காரச் சொல்லாமல் தான் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தாலும் சொல்றேன். தாளத்தை ஏத்திட்டீங்க. ப்ராசசர் வயசுப் பையன், ஓடிடுவான். மெமரியும் ஓடிடும், அதான் டெஸ்ட்ல தேறிடுச்சு. டிஸ்க்குக்குப் போற வழி ஓடாது. தடுக்கும். தடுக்கினா விழும். விழறது கூட பரவாயில்ல சார். விழாம ஓடறப்பதான் ஆபத்து. ரீபில்ட்னா என்ன? மூணு பேர் சொல்லச் சொல்ல நாலாவது ஆள்மேல எழுதறது. சொல்றவன் மூச்சு வாங்கிக்கிட்டு உளறினா உளறலையும் எழுதும். அங்க முன்னாடி நல்லா இருந்ததை அழிச்சிட்டு எழுதும்." விரலை மடக்கினார். "எத்தனை தடவை போட்டீங்க?"

"இதோட நாலு."

"ஒவ்வொரு தடவையும் வேற வேற டிஸ்க்?"

"ஆமா."

"அப்போ நாலு பேர் மேலயும் எழுதியாச்சு." மடக்கிய விரல்களைப் பிரித்துக்கொண்டு, "எப்படிப் போச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எது முதல் தடவை போச்சு, எது நேத்து போச்சுன்னு. நேத்து மட்டும் போடாம இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அவர்தான் போடச் சொன்னவர். அது இருவருக்கும் ஞாபகம் வந்தது. "ஏன் சார் சொல்லல? டாக்டர்கிட்ட போய் பொய் சொல்வாங்களா?"

"அது என் வீட்டுக்காரி வச்சது."

"சரி. அதனால என்ன? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." அவன் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

கீபோர்டைத் திரும்ப எடுத்து ஊத ஆரம்பித்தார். அதில் தூசி எதுவும் மிச்சமில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு படிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். 106. கழித்தல் பொத்தானைத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் கொஞ்ச நேரம் ஆயிற்று. நூற்று மூன்றுக்கு வந்தபோது அதற்குக் கீழே உள்ளவை அவனுடைய தட்டுகள் என்று நினைத்தான். அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. நூறு வந்ததும் மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றான்.

பிறகு படத்தைத் திரும்பக் காப்பி எடுக்கப் போட்டான். ஒரு முறைகூட நிற்கவில்லை. எதுவும் விழவில்லை. முதல் முறையாக நூறு சதவீதம். உடைந்ததெல்லாம் ஒன்று குறையாமல், ஒழுங்காக வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்தான். மழையின் ஐயாயிரத்து எழுநூற்று அறுபதில் நன்றாக இருந்தது இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. மழைக் காட்சியை அவள் உருவாக்கி வைத்திருந்த மூலக் கோப்பைத் திறந்து பார்த்தான். அது இருந்தால் வேகம் ஏற்றாமலே மழை முழுவதையும் திரும்ப ரெண்டர் செய்யலாம். பதினோரு நிமிடம் வீதம், நாற்பத்து நான்கு நாள். இனி அவசரம் இல்லை.

கோப்பு திறக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை மாலை கிளினிக் வாசலில் காத்திருந்து அக்காவிடம் சொன்னான். அவள் கையுறை கழற்றிய கைகளில் பவுடர் வாசனை இருந்தது. பொய் சொன்னதையும் சொன்னான். நூற்றாறையும் சொன்னான்.

"எல்லாமே போச்சா?"

"வெயில் முழுசா இருக்கு, முன்னாடியே காப்பி ஆயிடுச்சு. மழையில பாதிக்கு மேல இல்ல."

"அவ பார்த்தாளா? மழையை?"

"முப்பது நாள் வரைக்கும் வந்ததைப் பார்த்தா. அது அப்ப நல்லாத்தான் இருந்தது."

"கடைசியை?"

"கடைசி அப்ப வரல."

"அப்போ அதை யாருமே பார்க்கல."

"இல்ல."

அக்கா கிளினிக் படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ இயந்திரம் கிர்ரென்று ஓடி நின்றது. அவன் நின்றுகொண்டிருந்தான்.

"நான் திட்டுவேன்னு நிக்கறீங்களா?" என்றாள். "திட்ட மாட்டேன். திட்டினா உங்களுக்கு நிம்மதியாயிடும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளுக்காகவா?"

"ரெண்டு நாளுக்காக."

"அந்த ரெண்டு நாளும் பத்தலையே."

"பத்தல அக்கா."

"ஞாயித்துக்கிழமை இருக்கறதைப் போடுங்க" என்றாள். எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

*

நாற்பது பேர் என்றார்கள், ஐம்பதுக்கு மேல் வந்தார்கள். பின்னால் நின்றார்கள். வெயிலில் எல்லாரும் சிரித்தார்கள். நடத்துனர் குடையிடம் டிக்கெட் கேட்கும் இடத்தில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். மழை வந்ததும் அடங்கிவிட்டார்கள். பெரிய திரையில் சாம்பல் கட்டங்கள் மழைக்கு நடுவில் வந்து வந்து போயின. கடைசி ஒன்றரை நிமிடத்தில் மழையே அபூர்வமாகத்தான் தெரிந்தது. குடையின் முனை, ஈர விளிம்பு, கீழே சாம்பல். படம் முடிந்தது. பிறகு கைதட்டல், எழுந்து நின்று.

அக்கா கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவின் தலைமை அனிமேட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நரைத்த தாடி, நனைந்த கண். "முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒரு துணிச்சல் எனக்கு வந்ததில்ல. மறதி வந்து படத்தையே தின்னுடுது. அந்தச் சாம்பல்! யார் கீழ நிக்கறாங்கன்னு காட்டாம விட்டா பாருங்க, அதுதான் அவ."

அவன் வாயைத் திறந்தான். "அது அவ யோசனை இல்ல சார். அது நான் கெடுத்தது. டிஸ்க் கெட்டுப்போச்சு. அங்க முழுப் படம் இருந்தது."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் இறுக்கமாகக் கையைப் பிடித்தார். "புரியுதுப்பா. எல்லாத்துக்கும் நாமதான் காரணம்னு தோணும். என் மனைவி போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படியெல்லாம் சொல்லக் கூடாது."

"இல்ல சார், நிஜமாவே..."

அவர் அவனை அணைத்துக்கொண்டார். பின்னால் இன்னும் நான்கு பேர் அணைப்பதற்குக் காத்திருந்தார்கள். அவர்களிடமும் சொன்னான். மூன்றாவது ஆளுக்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டான்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "ஒரு வழியா வாயைத் திறந்தீங்க."

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். அடியில், தூசியோடு, பிடுங்கிய இடத்திலேயே அந்தச் சின்ன ஸ்பீக்கரின் வயர் கிடந்தது. தூசியை ஊதினான். வயரைச் செருகினான். பொத்தானை அழுத்தினான்.

பெட்டி ஒரே ஒரு பீப் அடித்தது. குட்டையான ஒன்று. எல்லாம் சரியாக இருந்தால் அப்படித்தான் அடிக்கும்.

அவன் தரையில் உட்கார்ந்து, இன்னொன்று வருகிறதா என்று காத்திருந்தான்.